சார்பு நிரலாக்கம்: அடிப்படை முதல் மோனாடு வரை

சார்பு நிரலாக்கம் என்பது நிரலைக் கட்டளைகளின் வரிசையாகப் பார்க்காமல், ஒன்றின் விடையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் கணிதச் சார்புகளின் சேர்க்கையாகப் பார்த்து எழுதும் முறை. ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங், குளோஜர் முதலிய மொழிகள் இதற்கென்றே உருவானவை. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளிலும் இதன் பெரும்பகுதியைக் கையாளலாம்.

ஆங்கிலத்தில் கணிதச் சார்புக்கும் நிரலில் எழுதும் செயற்கூறுக்கும் ஒரே சொல்தான். நம் பாடநூல்கள் இரண்டையும் பிரித்துவிட்டன. 10-ஆம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்ற பாடத்தில் வருவது சார்பு. மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியலில் வருவது செயற்கூறு. இந்தப் பிரிவு தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனால் அது ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஓர் எண்ணின் வர்க்கம் என்ற சார்புக்கு 3 கொடுத்தால் 9 வரும். நேற்றும் அதுதான், நாளையும் அதுதான், எத்தனை முறை கேட்டாலும் அதுதான். செயற்கூறு அப்படிக் கட்டுப்பட்டது அல்ல. அது திரையில் எழுதலாம், கோப்பை அழிக்கலாம், கடிகாரத்தைப் பார்த்து விடையை மாற்றலாம், நாம் கொடுத்த பட்டியலையே கலைத்துப்போடலாம். செயற்கூறுகளை முடிந்தவரை சார்புகளாகவே எழுதுவதுதான் சார்பு நிரலாக்கம். இதில் பின்னால் வரும் கடினமான கருத்துகள் எல்லாம் இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காக எழுந்தவையே.

இக்கட்டுரையில் வரும் நிரல்துண்டுகள் எந்த ஒரு மொழியையும் சேர்ந்தவை அல்ல. பைத்தான் ஓரளவு தெரிந்தவர்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதியவை. பட்டியலில் இடங்களின் எண் 0-இல் தொடங்குகிறது.

மதிப்பெண் பட்டியலில் ஒரு பிழை

ஒரு வகுப்பின் பெயர்களும் மதிப்பெண்களும் இரண்டு பட்டியல்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பெயருக்கு முதல் மதிப்பெண், இரண்டாம் பெயருக்கு இரண்டாம் மதிப்பெண்.

பெயர்கள் = ["கயல்", "முகில்", "நிலா", "பாரி", "தேன்மொழி"]
மதிப்பெண்கள் = [72, 31, 88, 19, 64]

வகுப்பின் இடைநிலை மதிப்பெண் வேண்டும். எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் போதும்.

செயற்கூறு இடைநிலை(எண்கள்):
    எண்கள்.வரிசைப்படுத்து()
    விடை எண்கள்[2]

இதை இயக்கினால் 64 வருகிறது. சரியான விடை. சோதித்துப் பார்த்தவரும் சரி என்றே எழுதிக் கையெழுத்திடுவார். ஆனால் இதற்குப் பிறகு மதிப்பெண் அட்டையை அச்சிட்டால் 72 வாங்கிய கயலுக்கு 19 என்று வரும், அவர் தோல்வி. 19 வாங்கிய பாரிக்கு 72. வரிசைப்படுத்தும் கட்டளை புதிய பட்டியலைத் தராமல், கொடுத்த பட்டியலையே அடுக்கிவிட்டதால் பெயர்களுக்கும் எண்களுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது.

இந்தப் பிழையின் கொடுமை, அது இருக்கும் இடமும் தெரியும் இடமும் வேறுவேறாக இருப்பதுதான். அச்சிடும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் அதில் குற்றம் இல்லை. இடைநிலை காணும் பகுதியும் சரியான விடையைத்தான் தருகிறது. இரண்டும் ஒரே தரவைத் தொடுகின்றன என்பதை யாராவது நினைத்துப் பார்த்தால்தான் பிழை அகப்படும். ஐந்து வரி நிரலில் இது எளிது. ஐம்பதாயிரம் வரி நிரலில் எந்தச் செயற்கூறு எதைத் தொடுகிறது என்று யார் நினைவில் வைத்திருப்பது?

பைத்தானில் இந்தக் குழி உண்மையாகவே இருக்கிறது. பட்டியலோடு புள்ளி வைத்து அழைக்கும் 'சார்ட்' பட்டியலையே மாற்றும். 'சார்ட்டட்' புதிய பட்டியலைத் தரும். இரண்டு எழுத்துத்தான் வேறுபாடு. ஜாவாஸ்கிரிப்டில் நெடுங்காலம் மாற்றும் வகை மட்டுமே இருந்தது. மாற்றாத வகை 2023-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது.

பதிலீடு என்னும் சோதனை

ஒரு செயற்கூறு தூயதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நிரலில் அது அழைக்கப்படும் இடத்தில், அழைப்பை எடுத்துவிட்டு அதன் விடையை நேராக எழுதிப் பாருங்கள். நிரலின் நடத்தை மாறவில்லை என்றால் அது தூய செயற்கூறு. மேலே உள்ள நிரலில் இடைநிலை அழைப்பை நீக்கி 64 என்று எழுதினால் கயலின் மதிப்பெண் 72 ஆகத் திரும்பிவிடும். நடத்தை மாறிவிட்டது, ஆகவே அது தூயதல்ல. கணக்கில் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை எடுத்து மற்றொன்றை வைப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்த உரிமையை நிரலிலும் பெறுவதே இங்கே நோக்கம்.

வெளியே எதையும் மாற்றாமல் இருந்தால் மட்டும் போதாது. வெளியே இருந்து ரகசியமாக எதையும் வாங்கவும் கூடாது. பிறந்தநாளை மட்டும் வாங்கி வயதைச் சொல்லும் செயற்கூறு, உள்ளே கணினியின் தேதியைப் பார்க்கிறது. இன்று 17 என்றால் ஓராண்டு கழித்து 18. பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்குச் சரியாகக் கணிக்கிறதா என்று சோதிக்கக் கணினியின் கடிகாரத்தையே மாற்ற வேண்டிவரும். இன்றைய தேதியையும் அளபுருவாக வாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லையே இல்லை. சிறிய மாற்றம்தான், ஆனால் சார்பு நிரலாக்கத்தில் ஒருவர் முதலில் பழக வேண்டியது இதுதான்.

இந்த ஒழுக்கத்துக்கு உடனடிப் பயனும் உண்டு. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைக் காணும் ஃபிபனாச்சித் தொடரை அப்படியே எழுதினால்:

செயற்கூறு ஃபிப்(எ):
    எ < 2 எனில் விடை எ
    இல்லையெனில் விடை ஃபிப்(எ - 1) + ஃபிப்(எ - 2)

ஃபிப்(30) காண இந்தச் செயற்கூறு 26,92,537 முறை அழைக்கப்படுகிறது. உண்மையில் தேவைப்படும் வெவ்வேறு விடைகள் 31 மட்டுமே. ஒருமுறை கண்ட விடையை ஓர் அட்டவணையில் குறித்துவைத்து மறுமுறை அதையே எடுத்துக் கொடுத்தால் வேலை நொடியில் முடியும். இப்படிக் குறித்துவைப்பது பாதுகாப்பானதா? ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை என்பது உறுதியாக இருந்தால் மட்டுமே. தேதியைப் பார்க்கும் வயதுச் செயற்கூறின் விடையைக் குறித்துவைத்தால், அந்த நபருக்கு வயதே ஏறாது.

எங்கிருந்து வந்தது

கணினி பிறப்பதற்கு முன்பே இந்தச் சிந்தனை பிறந்துவிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச் 1930-களில் லாம்டா நுண்கணிதத்தை அமைத்தார். அதில் மூன்றே பொருள்கள்: மாறி, சார்பை உருவாக்குதல், சார்பை ஓர் உள்ளீட்டின் மேல் பயன்படுத்துதல். எண்கள்கூட இல்லை. வேண்டுமென்றால் எண்களையும் சார்பாகவே உருவாக்கிக்கொள்ளலாம்: 2 என்பது, கொடுத்த சார்பை இரண்டு முறை பயன்படுத்தும் சார்பு, 3 என்றால் மூன்று முறை. ஆலன் டியூரிங் 1936-இல் நாடாவும் எழுதுமுனையும் கொண்ட தம் கற்பனை இயந்திரத்தை முன்வைத்தார். அதனால் கணிக்கக்கூடியதை எல்லாம் சர்ச்சின் முறையாலும் கணிக்கலாம், அதற்கு மேல் இரண்டாலும் முடியாது என்பது விரைவில் நிறுவப்பட்டது. டியூரிங் பிறகு சர்ச்சிடமே முனைவர் பட்டம் பெற்றார். அழித்து எழுதும் நாடாவின் வழியில் பெரும்பாலான மொழிகள் வந்தன. அழிக்காத சார்பின் வழியில் வந்தவை சில.

ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்.ஐ.டி-யில் தொடங்கிய லிஸ்ப், அந்தச் சிலவற்றுக்கு மூத்தது. ஆயினும் இத்துறைக்கு வலுவான வக்கீலாக வந்தவர் எதிர்த்தரப்பிலிருந்தே வந்தார் என்பது சுவையானது. ஐ.பி.எம்-மில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். அவருக்கு 1977-ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது. விருது உரையில் அவர், நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து மாற்றி மீண்டும் வைக்கும் நிரலாக்கப் பாணியிலிருந்து விடுபட வேண்டும் என்று வாதிட்டார். அந்தப் பாணியை உலகுக்குப் பரப்பிய மொழியே அவருடையதுதான். 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் கூடிய ஆய்வாளர்கள், சிதறிக் கிடந்த தங்கள் மொழிகளுக்குப் பொதுவாக ஒன்று வேண்டும் என முடிவெடுத்தார்கள். அதன் விளைவாக 1990-இல் ஹாஸ்கெல் வெளிவந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயர் அது.

இவ்வளவு தூரம் போகாமலும் நம்மில் பலர் இதைச் செய்திருக்கிறோம். எக்செல் விரிதாளில் ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதுகிறோம். அது பிற கட்டங்களைப் படிக்கும், எதையும் மாற்றாது. எந்தக் கட்டத்தை முதலில் கணிக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. கட்டங்களுக்கு இடையே உள்ள உறவை மட்டும் எழுதுகிறோம். நிரலாக்கமே தெரியாது என்று சொல்லும் கணக்காளரும் நாள்தோறும் சார்பு நிரலாக்கம்தான் செய்கிறார்.

மடக்கு இல்லாமல் ஒரு பட்டியல்

மதிப்பெண் பட்டியலுக்கே திரும்புவோம். எல்லோருக்கும் 5 கருணை மதிப்பெண், ஆனால் 100-ஐத் தாண்டக்கூடாது. பிறகு 35-க்குக் குறையாதவர்களை மட்டும் எடுத்து அவர்களின் சராசரி காண வேண்டும்.

கருணையுடன் = மேப்(ம → சிறியது(ம + 5, 100), மதிப்பெண்கள்)
தேர்ச்சி = ஃபில்டர்(ம → ம >= 35, கருணையுடன்)
மொத்தம் = ஃபோல்டு((இதுவரை, ம) → இதுவரை + ம, 0, தேர்ச்சி)

மேப், பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சார்பைப் பயன்படுத்தி அதே நீளமுள்ள புதிய பட்டியலைத் தரும்: [77, 36, 93, 24, 69]. ஃபில்டர், நிபந்தனைக்குப் பொருந்தியவற்றை மட்டும் சலித்தெடுக்கும்: [77, 36, 93, 69]. ஃபோல்டு, பட்டியலை ஒரு முனையிலிருந்து மடித்து மடித்து ஒரே மதிப்பாக்கும்: 275. நால்வர் என்பதால் சராசரி 68.75. கருணைக்கு முன் மூவர் மட்டுமே தேறியிருந்தார்கள். அவர்களின் சராசரி சுமார் 74.67. கருணை கொடுத்தும் சராசரி ஏன் குறைந்தது என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

அம்புக்குறியோடு எழுதியவை பெயரில்லாத சார்புகள்; சர்ச்சின் நினைவாக லாம்டா எனப்படுபவை. இங்கே சார்பு ஓர் எண்ணைப் போலவே மற்றொரு சார்புக்கு உள்ளீடாகச் செல்கிறது. சார்பை வாங்கும் அல்லது சார்பைத் தரும் சார்பை உயர்நிலைச் சார்பு என்பர். மூல மதிப்பெண் பட்டியல் இந்த மூன்று வரிக்குப் பிறகும் தொடப்படாமல் இருக்கிறது. மேற்கண்ட வரிகளைத் தவறுதலாக இரண்டு முறை இயக்கினாலும் விடை அதேதான். பட்டியலையே மாற்றும் மடக்காக எழுதியிருந்தால், இரண்டாம் முறை எல்லோருக்கும் 10 மதிப்பெண் ஏறியிருக்கும்.

மேப்புக்கு வேறொரு பலமும் உண்டு. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கணிப்பதால், பட்டியலைத் துண்டுகளாக்கி ஆயிரம் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். யார் முதலில் முடித்தாலும் கவலையில்லை. கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் வெளியிட்ட மேப்ரெடியூஸ் கட்டுரையின் பெயரே இந்தச் சார்புகளிலிருந்து வந்தது. ஃபோல்டை அப்படிப் பிரிக்க ஒரு நிபந்தனை தேவை: இணைக்கும் செயலுக்குச் சேர்ப்புப் பண்பு இருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த அதே பண்புதான். முழுஎண்களின் கூட்டலுக்கு அது உண்டு. கணினியின் தசம எண்களுக்கு இல்லை: 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் பைத்தான் 0.6000000000000001 என்கிறது; 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி 0.1-உடன் சேர்த்தால் 0.6 என்கிறது. துண்டுகளாகப் பிரித்துக் கூட்டும்போது விடையின் கடைசி இலக்கங்கள் ஆளுக்கொன்றாக வருவது இதனால்தான்.

எல்லாவற்றையும் ஃபோல்டால் எழுதியே தீருவேன் என்று பிடிவாதம் வேண்டாம். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், பைத்தான் 3 வரும்போது 'ரெடியூஸ்' என்ற பெயரில் இருந்த ஃபோல்டை முதன்மை மொழியிலிருந்து ஒரு துணைத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டார். படித்துப் புரிந்துகொள்வது கடினம் என்பது அவருடைய குறை. அதில் நியாயம் உண்டு. தெளிவான நான்கு வரி மடக்கு, குழப்பமான ஒரு வரி ஃபோல்டைவிட நல்லது.

மடக்கே இல்லாத மொழிகளில் தற்சுழற்சி அந்த வேலையைச் செய்கிறது: பட்டியலின் தலையை எடு, மீதிக்கு என்னையே அழை. பைத்தானில் இதை நம்பி இறங்கினால் ஏறத்தாழ 1000 அழைப்புகளின் ஆழத்தில் நிரல் நின்றுவிடும். அது அந்த மொழி இயல்பாக வைத்திருக்கும் எல்லை. ஸ்கீம் போன்ற மொழிகளில், தன்னையே அழைப்பது ஒரு செயற்கூறின் கடைசிச் செயலாக இருந்தால், பழைய அழைப்பின் இடத்தையே புதியதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது மொழியின் விதி. எனவே எத்தனை கோடி முறை சுழன்றாலும் அடுக்கு நிரம்பாது. மேலே உள்ள ஃபிப் அந்த வகையில் சேராது. அதன் கடைசிச் செயல் கூட்டல்.

மாறாத தரவும் அதன் விலையும்

எதையும் மாற்றக்கூடாது என்றால் பத்து லட்சம் உறுப்புகள் உள்ள பட்டியலில் ஒன்றை மாற்ற, முழுவதையும் நகலெடுக்க வேண்டுமா? புதிதாகக் கற்பவர் கேட்கும் முதல் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. விடை, வேண்டாம் என்பதே. பழைய தரவு இனி மாறவே மாறாது என்ற உறுதி இருப்பதால், புதியது பழையதன் பகுதிகளை அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். 2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழியில் பட்டியல் ஒரு மரமாக இருக்கிறது. ஒவ்வொரு கணுவுக்கும் 32 கிளைகள். 32-இன் நான்காம் அடுக்கு 10,48,576. ஆகவே பத்து லட்சம் உறுப்புகளுக்கு நான்கு நிலைகள் போதும். ஓர் உறுப்பை மாற்ற, வேரிலிருந்து அந்த இலைவரை உள்ள நான்கு கணுக்களை மட்டும் புதிதாக எழுதினால் போதும். மற்றவை எல்லாம் பழைய மரத்தோடு பொது. பழைய வடிவமும் கையில் இருக்கும், புதியதும் இருக்கும்.

இலவசம் என்று சொல்லிவிட முடியாது. நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் எளிய அணியைவிட இந்த மரம் மெதுவானது. இனி யாருக்கும் தேவைப்படாத பழைய கணுக்களைத் தேடி அகற்றும் வேலையும் சேர்கிறது. அந்த வேலையைத் தானாகச் செய்யும் முறையை முதலில் கொண்டுவந்ததும் லிஸ்ப்தான்.

எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் தொடங்கிய எர்லாங்கில் இதன் பயன் கண்கூடாகத் தெரிகிறது. தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலியோர் அமைத்த அம்மொழியில் லட்சக்கணக்கான சிறு செயல்முறைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றின் தரவை மற்றொன்று தொட முடியாது; செய்தி அனுப்பத்தான் முடியும். ஓர் அழைப்பில் கோளாறு வந்தால் அந்த ஒரு செயல்முறை மட்டும் சாகும். மற்ற அழைப்புகள் தொடரும். வாட்ஸ்அப் தன் வழங்கிகளுக்கு இதையே தேர்ந்தெடுத்தது.

சார்பைப் பாதியில் நிறுத்துதல்

ஒரு சிறு கருத்தைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். இரண்டு உள்ளீடுகள் வாங்கும் கூட்டல் சார்புக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? ஹாஸ்கெல் பிழை என்று சொல்லாது. மீதி ஒன்றுக்காகக் காத்திருக்கும் புதிய சார்பைத் தரும். கூட்டு(5) என்பதே 'ஐந்தைக் கூட்டும் சார்பு'. மேலே மேப்புக்குக் கொடுக்க அது அப்படியே பொருந்தும். இதற்குக் கரியிங் என்று பெயர். மோசஸ் ஷோன்ஃபிங்கெல் 1924-இலேயே இதை எழுதியிருந்தாலும் பெயர் கரிக்குப் போய்விட்டது. நம் சமையலறைக் கறிக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை.

இல்லை என்பதையும் ஒரு மதிப்பாக்குதல்

சார்புகளின் சேர்க்கையைக் கணக்கில் படித்திருக்கிறோம்: முதல் சார்பின் விடை இரண்டாம் சார்பின் மதிப்பகத்தில் இருந்தால் இரண்டையும் கோக்கலாம். நிரலில் அது எங்கே உடைகிறது? பெயரைக் கொடுத்தால் பதிவெண்ணைத் தேடும் சார்பு ஒன்று. பதிவெண்ணைக் கொடுத்தால் மதிப்பெண்ணைத் தேடும் சார்பு ஒன்று. அந்தப் பெயரில் யாருமே இல்லாவிட்டால்? பல மொழிகளில் 'வெற்று' என்ற ஒன்று திரும்பி வரும். அதைச் சோதிக்க மறந்தால் நிரல் விழும். 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த வெற்றுச் சுட்டியைக் கொண்டுவந்த டோனி ஹோர், பிற்காலத்தில் அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார்.

மாற்று வழி, வெறும் மதிப்பைத் தராமல் ஒரு பெட்டியைத் தருவது. பெட்டியில் மதிப்பு இருக்கலாம், அல்லது காலியாக இருக்கலாம். திறந்து பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பயன்படுத்த முடியாது. முயன்றால் நிரல்பெயர்ப்பியே தடுக்கும். ஆனால் ஒரு சிக்கல் வருகிறது. முதல் சார்பு பெட்டியைத் தருகிறது, இரண்டாம் சார்பு வெறும் பதிவெண்ணைக் கேட்கிறது. கோர்வை அறுந்துவிட்டது. ஒட்டவைக்க ஒரு சிறு செயற்கூறு போதும்:

செயற்கூறு பிணை(பெட்டி, செயல்):
    பெட்டி காலி எனில் விடை காலி
    இல்லையெனில் விடை செயல்(பெட்டியில் உள்ளது)

பிணை(பிணை(பதிவெண்தேடு("நிலா"), மதிப்பெண்தேடு), தரம்தேடு)

எந்தப் படியில் 'காலி' வந்தாலும் அடுத்த படிகள் தாமாகவே தவிர்க்கப்பட்டு, இறுதி விடையும் 'காலி' ஆகும். ஒவ்வொரு படிக்கும் 'இருக்கிறதா' என்று கேட்கும் நிபந்தனை வரிகள் மறைந்துவிட்டன.

இதுதான் மோனாடு. பலரையும் அச்சுறுத்தும் அந்தச் சொல்லின் பின்னால் இருப்பது இவ்வளவே: ஒரு வகைப் பெட்டி, வெறும் மதிப்பைப் பெட்டியில் இடும் வழி, பெட்டியைத் தரும் சார்புகளைக் கோக்கும் பிணை. இவற்றோடு, எப்படி அடைப்புக்குறியிட்டுக் கோத்தாலும் விடை மாறாது என்பது போன்ற சில விதிகள். அங்கேயும் பழைய சேர்ப்புப் பண்புதான். பெட்டியின் வகையை மாற்றினால் பொருள் மாறும். பெட்டி ஒரு பட்டியலாக இருந்தால், பிணை என்பது பல விடைகள் சாத்தியமான கணிப்புகளைக் கோக்கும். பெட்டி 'பிறகு வரப்போகும் மதிப்பு' ஆக இருந்தால், ஜாவாஸ்கிரிப்டின் பிராமிஸுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். யூஜெனியோ மோக்ஜி 1989-இல் கணிப்புகளின் பொருளை விளக்க இக்கருத்தைப் பயன்படுத்தினார். பிலிப் வாட்லர் அதை நிரலருக்கான கருவியாக மாற்றினார்.

வெளியுலகோடு பேசுவது

ஒரு பெரிய கேள்வி மிச்சம் இருக்கிறது. தூய சார்பு திரையில் எழுதாது, கோப்பைப் படிக்காது. அப்படியானால் அந்த நிரலால் யாருக்கு என்ன பயன்?

ஹாஸ்கெலின் விடை, செய்வதையும் செய்முறையையும் பிரிப்பது. சாம்பார் வைக்கும் குறிப்பை எழுதுவதால் அடுப்பு எரியாது. குறிப்பு வெறும் தாள். இரண்டு குறிப்புகளை ஒட்டி ஒரு விருந்துக் குறிப்பும் ஆக்கலாம். அப்போதும் அடுப்பு எரியவில்லை. ஹாஸ்கெலில் 'ஒரு வரி படி' என்பது அப்படிப்பட்ட குறிப்பு, ஒரு மதிப்பு. குறிப்புகளைப் பிணைத்துப் பெரிய குறிப்பாக்குவது தூய சார்பின் வேலை. இறுதியில் 'மெயின்' என்று பெயரிட்ட ஒரே ஒரு குறிப்பை இயக்கச்சூழல் எடுத்துச் சமைக்கிறது. இந்தக் குறிப்பும் ஒரு மோனாடுதான். 1990-இல் வந்த முதல் ஹாஸ்கெலில் இந்த வசதி இல்லை. உள்ளீடும் வெளியீடும் அதில் மிகுந்த தொல்லை. 1996-ஆம் ஆண்டின் 1.3 பதிப்பில்தான் மோனாடு வழி மொழியின் பகுதியானது.

வேறு மொழியில் இருந்தால் இவர்கள் ஒரு சிறு விதிவிலக்கை அனுமதித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஹாஸ்கெலால் முடியாததற்குக் காரணம் அதன் சோம்பல். தேவைப்படும் வரை எதையும் கணிக்காத மொழி அது. எல்லா ஒற்றை எண்களின் முடிவில்லாப் பட்டியலை அதில் எழுதலாம். முதல் பத்தைக் கேட்டால் பத்துடன் நின்றுவிடும். எது எப்போது கணிக்கப்படும் என்று சொல்ல முடியாத இடத்தில் நடுவே ஒரு 'அச்சிடு' வைத்தால், அது எப்போது அச்சிடும், அச்சிடுமா என்றே தெரியாது. ஆகவே தூய்மையை விட்டுக்கொடுக்கும் வழியே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

மோனாடிலிருந்து தொடங்கிக் களைத்துப்போனவர்கள் நிறைய. புதிய மொழி ஒன்றைத் தேடுவதற்கு முன், நீங்கள் ஏற்கெனவே எழுதிய பைத்தான் நிரல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு செயற்கூறையும் பதிலீட்டுச் சோதனைக்கு உட்படுத்துவது நல்ல தொடக்கம். படிப்பது, கணிப்பது, எழுதுவது என்று நிரலை மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ள கணிப்பை மட்டும் தூய்மையாக்கிப் பாருங்கள். சோதனைகள் எழுதுவது எவ்வளவு எளிதாகிறது என்று அன்றே தெரியும். அதன் பிறகு ரேக்கெட் அல்லது ஹாஸ்கெலுக்குப் போனால், அந்த மொழிகளின் கட்டுப்பாடுகள் தடையாகத் தோன்றாது.

பெரிய அணிகளின் எண்கணிப்பு, விளையாட்டு வரைகலை, சிறிய நினைவகம் கொண்ட கருவிகள் ஆகிய இடங்களில் தரவை இருந்த இடத்திலேயே மாற்றுவதுதான் வேகம். இதைத் தூய்மைவாதிகளும் அறிவார்கள். ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்ட்டன் ஜோன்சும் 1994-இல் ஹாஸ்கெலுக்கு ஒரு வழி காட்டினார்கள்: சார்பின் உள்ளே மாறும் தரவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது வெளியே கசியாது என்பதைத் தரவினங்களைக் கொண்டே நிரல்பெயர்ப்பி சரிபார்க்கும். நம் இடைநிலைச் செயற்கூறுக்கும் அதே வழி பொருந்தும்.

செயற்கூறு இடைநிலை(எண்கள்):
    நகல் = எண்கள்.நகலெடு()
    நகல்.வரிசைப்படுத்து()
    விடை நகல்[2]

உள்ளே ஒரு பட்டியல் கலைக்கப்படுகிறது. அதை அழைத்தவர் ஒருபோதும் அறியமாட்டார். கயலுக்கு 72-தான்.